சனி ஞாயிறு ரெண்டு நாள்: குடும்பத்தோட எங்க போகலாம், எப்படிப் போகலாம்?

ஃபைனல் இயர்ல இருக்கீங்களா? ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 20 வார இறுதிகள். அதுல ப்ராஜெக்ட் ரிவ்யூ, இன்டர்னல்ஸ், ப்ளேஸ்மென்ட் ட்ரைவ், ஃப்ரெண்ட்ஸ் கல்யாணம், சொந்தக்காரங்க வளைகாப்பு எல்லாத்தையும் கழிங்க. உங்க தங்கச்சிக்கு ஸ்கூல் ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத வாரம், அப்பாவுக்கு லீவு கிடைக்கிற வாரம்னு இன்னும் ரெண்டு வடிகட்டி போடுங்க. மிஞ்சுறது மூணு இல்லாட்டி நாலு. அடுத்த வருஷம் நீங்க பெங்களூருலயோ புனேயிலயோ இருப்பீங்க. வீட்டுக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் துணி துவைக்கவும் தூங்கவும்தான் நேரம் இருக்கும். வீட்டுல எல்லாரும் ஒண்ணா கிளம்பிப் போற வார இறுதிங்கிறது கைவசம் கொஞ்சம்தான் இருக்கு.

ஃப்ரெண்ட்ஸோட போற ட்ரிப்புக்கு வாட்ஸ்ஆப் க்ரூப் ஆரம்பிச்சா போதும், மத்தது தானா நடக்கும். குடும்பத்தோட போறது அப்படி இல்ல. 10 வயசு பையனுக்கும் 70 வயசு அம்மிச்சிக்கும் ஒரே இடம் பிடிக்கணும், ஒரே வண்டியில உட்காரணும். அதை எப்படித் திட்டம் போடுறதுனு பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. நான் ஈரோட்டுக்காரன். அதனால உதாரணங்கள் கொஞ்சம் மேற்குப் பக்கமா சாயும், பொறுத்துக்குங்க.

கேம்பிங் நமக்குப் புதுசா?

கேம்பிங்னு சொன்னதும் இன்ஸ்டாகிராம்ல வர்ற மஞ்சள் விளக்கு போட்ட கூடாரம்தான் ஞாபகம் வருது. ஆனா நம்ம வீட்டுப் பெரியவங்க கூடாரம் இல்லாமலே இதைச் செஞ்சவங்க. ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு காவிரிக் கரையில உட்கார்ந்து சாப்பிட்டது, குலதெய்வம் கோயிலுக்குப் போயி பொங்கல் வெச்சு, ஆலமரத்தடியில ஜமுக்காளம் விரிச்சு ராத்திரி தங்கினது, பழனிக்குப் பாதயாத்திரை போகும்போது வழியில சத்திரத்துலயும் ஸ்கூல் வராண்டாவுலயும் படுத்தது, இதெல்லாம் வேற என்ன? உங்க அப்பாகிட்ட "டெண்ட்ல தங்கப் போறோம்"னு சொன்னா முகம் சுளிக்கலாம். "குலதெய்வம் கோயிலுக்குப் போன மாதிரி, ஆனா சும்மா ஜாலிக்கு"னு சொல்லிப் பாருங்க. பேச்சு வேற மாதிரி போகும்.

முதல்ல ஆள், அப்புறம் இடம்

நாம வழக்கமா இடத்தை முடிவு பண்ணிட்டு ஆளுங்களை அதுல பொருத்தப் பார்ப்போம். குடும்ப ட்ரிப்புல இது தலைகீழா நடக்கணும். மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, கூட வர்றவங்கள்ல ரொம்ப மெதுவா நடக்கிறவர் யார்? ஒரு சங்கிலியோட பலம் அதோட பலவீனமான கண்ணியிலதான் இருக்குனு ஃபர்ஸ்ட் இயர்ல படிச்சோம் இல்லையா, அதேதான். கொல்லிமலை ஆகாய கங்கை அருவி அருமையான இடம். ஆனா அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும், திரும்ப அத்தனையும் ஏறணும். மூட்டு வலி இருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போனா, அவங்க மேலேயே உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருக்கத்தான் முடியும்.

ரெண்டு, வழியில பாத்ரூம் எங்க இருக்கு? பசங்க நாம இதைப் பத்தி யோசிக்கிறதே இல்ல. ஆனா நம்ம வீட்டுப் பெண்கள் பயணத்துக்கு முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்குவாங்க. அவங்க அதை வெளிய சொல்ல மாட்டாங்க. வெயில்ல தலைவலி, வாந்தி, சிறுநீர்க் கடுப்பு எல்லாம் இதனாலயும் வரும். அதனால கூகுள் மேப்ல வழி பார்க்கும்போதே ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நல்ல ஹோட்டலோ பெட்ரோல் பங்க்கோ குறிச்சு வைங்க. யாரும் கேட்கிறதுக்கு முன்னாடியே நிறுத்துங்க. கேட்டாதான் நிறுத்துவோம்னா அவங்க கேட்கவே மாட்டாங்க.

மூணு, இந்த ட்ரிப்புல அம்மாவுக்கு என்ன வேலை? இதுதான் முக்கியமான கேள்வி. "காலையில 5 மணிக்குக் கிளம்பணும்"னு நாம ஈசியா சொல்லிடுவோம். அதுக்கு அம்மா 3 மணிக்கு எந்திரிச்சு புளிசாதமும் தயிர்சாதமும் கட்டணும். போன இடத்துல பரிமாறணும். திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவி, நாலு பேரோட அழுக்குத் துணியை ஊற வைக்கணும். நாம ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வருவோம், அவங்க ரெண்டு நாள் டபுள் ட்யூட்டி பார்த்துட்டு வருவாங்க. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே சாப்பாட்டுக்கு வழி இருக்கிற இடமா பாருங்க. வீட்டுச் சாப்பாடுதான் வேணும்னா கட்டுறது உங்க வேலை, கழுவுறதும் உங்க வேலைனு முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.

நாலு இடங்கள்

ஏற்காடு. சேலத்துலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஊர் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. சேலம் வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ்னு சொந்த வண்டி இல்லாதவங்களும் போயிட்டு வரலாம். ஏரியில படகு, சுத்திலும் காபித் தோட்டம், சேர்வராயன் கோயில் வரைக்கும் வண்டியிலயே போற வசதி, அதனால பெரியவங்களுக்கும் சிரமம் இல்ல. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் இங்க காபியைக் கொண்டுவந்தவர். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்கும், அடியில காபிச் செடி நிக்கும். கோடை மழை முதல்ல விழுந்ததும் காபி பூக்கும். மல்லிகை மாதிரி வாசம் வரும். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட ஆர்க்கிட் தோட்டமும் இங்கதான் இருக்கு. கிள்ளியூர் அருவிக்கு மட்டும் சறுக்கலான படி இறங்கணும், அது இளசுகளுக்கு.

ஏலகிரியும் காவலூரும். சென்னைப் பக்கத்து ஆளுங்களுக்கு இது வசதி. ஜோலார்பேட்டை ஜங்ஷன்ல இறங்கினா மலை பக்கத்துலயே. உயரம் சுமார் 1,100 மீட்டர்தான், ஊட்டி குளிர் எதிர்பார்க்காதீங்க. 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள் பேரும் கடையெழு வள்ளல்கள் பேரும் வெச்சிருக்காங்க. தம்பி தங்கச்சிகளைப் பாரி, ஓரி, பேகன்னு எண்ண விட்டா அவங்க வாந்தி எடுக்கிறதையே மறந்துடுவாங்க. அப்படியே வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலையில இருக்கிற காவலூருக்குப் போனா வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அங்க இருக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986ல திறக்கப்பட்டது, இந்தியாவுலயே வடிவமைச்சுக் கட்டினது. சனிக்கிழமைகள்ல பொதுமக்களைப் பார்க்க விடுவாங்க. மழைக்காலத்துல ராத்திரி வானம் கிடைக்காது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்துல நேரத்தை உறுதி பண்ணிக்குங்க. மெக்கானிக்கல் பசங்களே, அவ்வளவு பெரிய கண்ணாடியை நட்சத்திரம் நகர்ற வேகத்துக்குத் திருப்புற மவுண்ட்டைப் பார்க்கவே போகலாம்.

தரங்கம்பாடியும் பிச்சாவரமும். படி ஏற முடியாதவங்க வீட்டுல இருந்தா மலையை விட்டுடுங்க, கடலுக்குப் போங்க. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க 1620ல கட்டின டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. ஊரே ரெண்டு மூணு தெரு, எல்லாம் சமதளம். 1706ல இங்க வந்து இறங்கின சீகன்பால்க் அச்சகம் வெச்சு, 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சார். கரையில இருக்கிற மாசிலாமணி நாதர் கோயில்ல ஒரு பகுதியைக் கடல் அரிச்சுட்டுப் போயிடுச்சு, கடலரிப்புனா என்னனு சிவில் பசங்களுக்கு நேரடிப் பாடம். மறுநாள் சிதம்பரம் பக்கத்துல பிச்சாவரம். சதுப்புநிலக் காட்டுக்குள்ள துடுப்புப் படகுல போகும்போது வெயிலே தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல பூம்புகார் இருக்கு. கடல்ல குளிக்கிறதை மட்டும் ஆர்வத்துல ஆரம்பிக்காதீங்க. இந்தக் கரையில உள்ளிழுப்பு அதிகம்.

டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை செக்போஸ்ட் வழியா மேல போகணும். வெட்டின மரங்களை மலை உச்சியிலிருந்து சரிச்சு விட்டதாலதான் இந்தப் பேரு. 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல ஹியூகோ வுட்ங்கிற வன அதிகாரி, வெட்டின மரங்களுக்குப் பதிலா மறுபடி காட்டை வளர்த்தார். அவரோட கல்லறையும் அந்தத் தேக்குகளுக்கு நடுவுலதான் இருக்கு. இங்க தங்குறதுக்கு வனத்துறை விடுதிகளை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தோட இணையதளத்துல முன்பதிவு பண்ணணும். கோழிகமுத்தி யானைகள் முகாம் பக்கத்துல இருக்கு. சாயங்காலம் ஆனா கேட் மூடிடுவாங்க, ஸ்பீக்கர் கூடாது, தீ மூட்டக் கூடாது. இந்த மூணும் ஓகேனு சொல்ற குடும்பம் மட்டும் போங்க.

ஊட்டியும் கொடைக்கானலும் ஏன் லிஸ்ட்ல இல்லனு கேட்பீங்க. 2024 மே 7லிருந்து ரெண்டுக்கும் இ-பாஸ் வேணும். 2025 சீசனுக்கு வார இறுதியில நீலகிரிக்கு ஒரு நாளைக்கு 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 6,000 வண்டினு ஹைகோர்ட் உச்சவரம்பும் வெச்சது. அவ்வளவு வண்டியோட வரிசையில நின்னு ரெண்டு நாளைக் கழிக்கிறதுக்கு, வாரநாள்ல லீவு கிடைக்கும்போது அங்க போயிக்கலாம்.

மலைப்பாதையில படிச்சதைப் பயன்படுத்துங்க

அஞ்சு பேர், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார்னு வைங்க. ஏற்காட்டுலிருந்து சேலத்துக்கு இறங்குற உயரம் சுமார் 1,200 மீட்டர். எம்ஜிஹெச் போட்டா 1 கோடியே 76 லட்சம் ஜூல். ஏறக்குறைய 5 யூனிட் கரண்ட். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினா இதுல பெரும்பகுதி டிஸ்க்கிலயும் பேடிலயும் வெப்பமா மாறணும். ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. பேடு அளவுக்கு மீறிச் சூடானா உராய்வு குறையும். பிரேக் ஆயில் கொதிச்சா லைன்ல ஆவிக் குமிழி வரும். ஆவியை அமுக்க முடியும், திரவத்தை அமுக்க முடியாது. அதனால நீங்க மிதிக்கிற பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. இதுக்குத்தான் "எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு"னு பழைய டிரைவருங்க சொல்வாங்க. ரெண்டாவது கியர்ல இறங்கினா எஞ்சினே வேகத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். நியூட்ரல்ல இறக்கினா பெட்ரோல் மிச்சம்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட சாவியைக் கொடுக்காதீங்க. ஏறி வர்ற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்கிறதும் விதி.

வாந்திக்கும் ஒரு காரணம் இருக்கு. போனையே பார்த்துக்கிட்டு இருக்கிற கண் "நாம அசையல"னு சொல்லுது. உள்காதுல இருக்கிற திரவம் "சுத்துறோம்"னு சொல்லுது. மூளை குழம்பிப் போகுது. வாந்தி வர்றவங்களை முன் சீட்டுல உட்கார வைங்க, தூரத்துல ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பலகாரம் வேணாம், ரெண்டு இட்லி போதும்.

உயரம் 1,000 மீட்டர் கூடினா வெப்பம் சராசரியா 6.5 டிகிரி குறையும். சேலத்துல 36 டிகிரினா ஏற்காட்டுல 28 இருக்கும். ஸ்வெட்டர் எத்தனை எடுக்கணும்னு இதை வெச்சே முடிவு பண்ணலாம். அதே உயரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சுடும், பருப்பு வேக நேரம் அதிகமாகும். சமைக்கப் போறீங்கனா குக்கர் எடுத்துக்குங்க.

டெண்ட்லதான் தங்கணும்னு ஆசையா?

முதல் ராத்திரியை உங்க வீட்டு மொட்டை மாடியிலயோ தாத்தா தோட்டத்துலயோ போடுங்க. விளையாட்டுக்குச் சொல்லல. எது மறந்தோம், யாருக்குத் தூக்கம் வரல, எவ்வளவு கொசுனு எல்லாம் அங்கயே தெரிஞ்சுடும். ஏதாவது சரியில்லனா பத்தடி தூரத்துல வீடு.

வெளிய போடும்போது சமதளமா, கொஞ்சம் மேடா இருக்கிற இடமா பாருங்க. காஞ்ச மரத்தடியும் தென்னை மரத்தடியும் வேணாம். மணல் பரந்து கிடக்கிற ஓடைப் படுகை மெத்தை மாதிரி இருக்கும், ஆனா அது தண்ணியோட படுக்கை. மேல எங்கயோ பெய்யற மழைக்கு அங்க வெள்ளம் வரும். குளிர் மேலிருந்து வர்றதை விடத் தரையிலிருந்து அதிகம் ஏறும். அதனால ரெண்டாவது போர்வையை விட அடியில ஒரு கோரைப்பாயும் ஜமுக்காளமும் அதிகம் உதவும். காத்துப் போற ஜன்னலை முழுசா மூடினா நாலு பேர் மூச்சுல வர்ற ஈரம் காலையில துணியிலிருந்து சொட்டும். கரி அடுப்பை எந்தக் காரணத்துக்காகவும் கூடாரத்துக்குள்ள கொண்டு போகாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

காட்டோரத்துல தனியார் நடத்துற கேம்ப்னா அனுமதி இருக்கானு கேட்காம பணம் கட்டாதீங்க. 2021 ஜனவரியில வயநாட்டுல ஒரு ரிசார்ட் கூடாரத்துல தங்கின பெண்ணை யானை தாக்கி, அவங்க இறந்துட்டாங்க. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. நம்ம வயசுப் பிள்ளைங்களும் அதுல இருந்தாங்க. அதுக்கப்புறம் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தது. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதைகளோட ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தை ஆரம்பிச்சது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோட, ஆன்லைன்ல பதிவு பண்ணிப் போகலாம். சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சே வெச்சிருக்காங்க.

அருவி பக்கம் ஒரு வார்த்தை

2024 மே 17ல பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் 17 வயசுப் பையனை இழுத்துட்டுப் போயிடுச்சு. அருவியில வெள்ளம் வர நீங்க நிக்கிற இடத்துல மழை பெய்யணும்னு இல்ல. தண்ணி திடீர்னு கலங்கினா, இலையும் குச்சியும் மிதந்து வந்தா, சத்தம் மாறினா, சோப்பு டப்பாவைத் தேடாதீங்க, உடனே ஏறுங்க. தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது உங்களைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணிதானேங்கிற கணக்கு அங்க எடுபடாது. ஒகேனக்கல்ல நீர்வரத்து ஏறினா பரிசலை நிறுத்திடுவாங்க. "ஏன் விட மாட்டேங்கிறீங்க"னு பரிசல்காரர்கிட்ட சண்டை போடாதீங்க, அவர் அந்த ஆத்துலயே வளர்ந்தவர்.

வீட்டுல எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது?

நம்மள்ல பல பேர் வீட்டுல "சும்மா சுத்திப் பார்க்க"ப் போறது வழக்கமே கிடையாது. கோயில், கல்யாணம், துக்கம், இந்த மூணுக்குத்தான் குடும்பம் வெளிய கிளம்பும். கடை வெச்சிருக்கிற அப்பாவுக்கு ஒரு சனிக்கிழமை ஷட்டரை இறக்குறதுனா அன்னைக்கு வியாபாரம் போச்சு. அவர் "எனக்கெதுக்கு, நீங்க போயிட்டு வாங்க"னு சொல்வார். அது விருப்பம் இல்லாம சொல்ற பேச்சில்ல, செலவைப் பார்த்துச் சொல்ற பேச்சு. அதனால செலவை ஒரே பேப்பர்ல எழுதிக் காட்டுங்க: போக்குவரத்து, தங்குறது, சாப்பாடு, எதிர்பாராத செலவுக்குக் கொஞ்சம். நாலு வரி போதும். இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டுல மிச்சம் இருந்தா ரூம் வாடகையை நீங்க கொடுங்க. தொகை பெருசா இருக்கணும்னு இல்ல.

ரெண்டு நாளும் ஓடணும்னு திட்டம் போடாதீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு இடம் போதும். மத்தியானம் சாப்பிட்டுப் பெரியவங்க படுக்க நேரம் விடுங்க. ஞாயித்துக்கிழமை இருட்டுறதுக்குள்ள மலை இறங்கிடுங்க. பழைய ஷால் ஒண்ணு, டார்ச், பெரியவங்க மாத்திரை ரெண்டு நாளைக்குக் கூடுதலா, குப்பை போட ஒரு பை, கொஞ்சம் சில்லறைக் காசு எடுத்து வைங்க. மலையில நெட்வொர்க் இல்லனா ஜிபே வேலை செய்யாது.

போன இடத்துல அப்பாவையும் அம்மாவையும் ஒரு போட்டோ எடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து. நம்ம வீட்டு ஆல்பத்துல அவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கிற கடைசிப் போட்டோ எப்ப எடுத்ததுனு போயிப் பாருங்க. பல வீட்டுல அது கல்யாணப் போட்டோவாத்தான் இருக்கும்.

அடுத்த இன்டர்னல்ஸ் முடியற தேதி காலண்டர்ல இருக்கு. அதுக்கடுத்த சனிக்கிழமைக்கு நேரா ஒரு வட்டம் போட்டுட்டு, இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டியா"வுக்கு அடுத்து இதைக் கேளுங்க: "மலையா, கடலா?"